உறவினர்களுடன் ஒரே நாளில் கோடியக்கரையும் வேதாரண்யமும்: நாளை எப்படிப் பிரித்துக்கொள்வது?

கேள்வி: குடந்தைவாசி

ஜனவரி மாதக் கடைசியில் பெங்களூரிலிருந்து என் அக்காவும் அத்தானும் பிள்ளைகளோடு கும்பகோணத்துக்கு வருகிறார்கள். அம்மா, சித்தப்பா, சித்தி ஆகியோரையும் சேர்த்து ஒரு வேனில் புறப்படுவதாக உத்தேசம். பிள்ளைகளுக்கு வெளிமானையும் பூநாரையையும் பார்க்க வேண்டும். அம்மாவுக்கு வேதாரண்யேசுவரர் தரிசனம் முக்கியம். சித்தப்பாவோ உப்புச் சத்தியாக்கிரக நினைவிடத்தைப் பார்க்காமல் திரும்பக் கூடாது என்கிறார். இவற்றோடு முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் படகுப் பயணத்தையும் ஒரே நாளில் சேர்க்க முடியுமா? அம்மாவால் அதிக தூரம் நடக்க இயலாது. சென்று வந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாவேன்.

பதில் 1: உப்பளத்துக்காரன்

முத்துப்பேட்டையை இந்தப் பயணத்திலிருந்து எடுத்துவிடுங்கள். படகில் காயலுக்குப் போய்த் திரும்பவே அரை நாள் ஆகிவிடும். அதற்கு வனத்துறையின் முன் அனுமதியும் வேண்டும். அதைச் சேர்த்தால் எதையும் நிதானமாகப் பார்க்க முடியாது.

கும்பகோணத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பி வருவதைவிட, முதல் நாள் மாலையே வந்து வேதாரண்யத்தில் தங்கிவிடுவது நல்லது என்பது என் கருத்து. வெளிமான்கள் காலை இளவெயிலிலும் மாலையிலும்தான் திறந்த புல்வெளியில் மேய்கின்றன. வெயில் ஏறியதும் மர நிழலை நாடிப் போய்விடுவதால், பத்து மணிக்குமேல் வந்து சேர்பவர்கள் பெரும்பாலும் குரங்குகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைச் சரணாலயக் காடு ஏறத்தாழ பத்து கிலோமீட்டர்தான். நுழைவு நேரத்தையும் வேனை உள்ளே விடுவார்களா என்பதையும் முதல் நாளே வனத்துறை அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சரணாலயம் 1967ஆம் ஆண்டில் முதன்மையாக வெளிமானுக்காகவே அமைக்கப்பட்டது. முறுக்கிய கொம்பும் கருத்த முதுகும் வெள்ளை வயிறும் கொண்டது வளர்ந்த கிடா. பெட்டைகளும் குட்டிகளும் வெளிர் பழுப்பு நிறத்தில் இருக்கும் என்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால், புள்ளிமானோடு குழப்பிக்கொள்ள மாட்டார்கள். அங்கே திரியும் மட்டக்குதிரைகளும் அவர்களுக்குப் பிடிக்கும். அவை காட்டினம் அல்ல, எப்போதோ மனிதர் வளர்த்த குதிரைகளின் வழித்தோன்றல்கள். 2018 நவம்பரில் கஜா புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. அப்போது மான்களும் குதிரைகளும் பெருமளவில் மாண்டன, காட்டில் எண்ணற்ற மரங்கள் சாய்ந்தன. புல்வெளியைச் சீமைக் கருவேலம் ஆக்கிரமித்து வருவது தனிக் கவலை. புல் குறைந்தால் வெளிமானுக்குப் போக்கிடமில்லை.

வேனிலிருந்து இறங்க வேண்டாம். வண்டியைக் கண்டு அவ்வளவாக மிரளாத மான், கீழே இறங்கி நிற்கும் ஆளைக் கண்டதும் துள்ளி ஓடிவிடும். உங்கள் அம்மாவுக்கும் இதுவே வசதி.

பதில் 2: மருதநிலத்தான்

மேலே நண்பர் சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். காட்டிலிருந்து ஒன்பது மணிவாக்கில் புறப்பட்டுவிட்டால், உச்சிக்காலத்தில் நடை சாத்துமுன் கோயிலுக்குப் போய்விடலாம். வேதங்கள் பூசித்துத் திருக்காப்பிட்ட கதவை அப்பர் பாடித் திறக்க, சம்பந்தர் பாடி அடைத்த தலம் என்பதை அம்மாவே சொல்லுவார்கள். பிள்ளைகளுக்கு எலிக் கதையைச் சொல்லுங்கள்: அணையப் போன விளக்கின் திரியைத் தன்னையறியாமல் தூண்டிவிட்ட எலி, மறுபிறப்பில் மகாபலிச் சக்கரவர்த்தியாகப் பிறந்ததாம். வேதாரண்யம் விளக்கழகு என்று சும்மாவா சொன்னார்கள்!

சித்தப்பாவுக்கு ஒரு செய்தி. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வந்தபோது கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாகவே வந்தார். ஆகவே உங்கள் வேனும் பெரும்பாலும் அந்த யாத்திரையின் பாதையில்தான் வரப்போகிறது. தொண்டர்களுக்குச் சோறு போடுபவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று தஞ்சை மாவட்ட ஆட்சியர் எச்சரித்ததால், ஊர் மக்கள் உணவுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். நினைவுத்தூண் இருக்கும் அகத்தியம்பள்ளி, வேதாரண்யத்துக்கும் கோடியக்கரைக்கும் இடையில் சாலையிலேயே இருப்பதால் அதற்கென்று தனி நேரம் ஒதுக்க வேண்டியதில்லை.

பதில் 3: உள்ளான் நோக்கி

பறவைகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். பூநாரைகளைக் காட்டுக்குள் தேடாதீர்கள். அவை உப்பளங்களை ஒட்டிய ஆழமற்ற சதுப்பு நீரில்தான் இரை தேடும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தண்ணீர் வடியத் தொடங்கும் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் இதற்கு ஏற்றவை. எனினும் நீர்மட்டத்தைப் பொறுத்து அவை இடம் மாறிக்கொண்டே இருக்கும். எனவே அன்றைக்கு எந்தப் பக்கம் இறங்கியிருக்கின்றன என்று காலையில் காட்டுக்குள் போகும்போதே வனக் காவலரிடம் கேட்டு வையுங்கள். பகலுணவுக்குப் பின் ஓய்வெடுத்துவிட்டு, நான்கு மணிக்குமேல் வெயில் முதுகுப்பக்கம் விழும்படி நின்று பார்த்தால் இறகின் இளஞ்சிவப்பு தெளிவாகத் தெரியும். எதிர்வெயிலில் எல்லாமே கறுப்பாகத்தான் தோன்றும். பைனாகுலர் ஒன்றாவது கட்டாயம் வேண்டும். பூநாரை கிடைக்காவிட்டாலும் உள்ளான்களும் ஆலாக்களும் கூட்டங்கூட்டமாக இருக்கும். வடதுருவத்தை ஒட்டிய நாடுகளிலிருந்து வலசை வருபவை அவற்றில் பல.

அம்மாவுக்கு இன்னொன்று: கோடியக்கரையிலேயே குழகர் கோயில் இருக்கிறது. கடற்கரைக் காட்டில் இறைவன் இப்படித் தனியே இருக்கிறாரே என்று சுந்தரர் நெஞ்சுருகிப் பாடிய இடம். மாலையில் நடை திறந்திருந்தால், பறவை பார்க்க விரும்பாதவர்கள் அங்கே இருக்கலாம்.

குடந்தைவாசி

மூவருக்கும் நன்றி. முத்துப்பேட்டையை விட்டுவிட்டோம், முதல் நாள் இரவு வேதாரண்யத்தில் தங்குவதற்கு அத்தானும் சம்மதித்துவிட்டார். காட்டுக்குள் குரங்குகள் மிகுதி என்கிறீர்கள். பிள்ளைகளுக்கான சிற்றுண்டியை வேனில் வைத்திருப்பதில் தொல்லை ஏதும் உண்டா?

உப்பளத்துக்காரன்

கண்ணாடிகளை ஏற்றி வைத்துக்கொண்டு, பொட்டலத்தைக் கையில் எடுக்காமல் இருந்தால் தொல்லையில்லை. காலைச் சிற்றுண்டியைக் காட்டைவிட்டு வெளியே வந்தபின் கொடுங்கள். காட்டுக்குள் பிளாஸ்டிக் பைகளையும் எடுத்துச் செல்ல வேண்டாம்.