செபலோபாட் எத்தனை அசை?

அன்புடையீர்,

மண்டபம் ஊர் ஆசிரியை தம் பயிற்சி நூலுக்காக நம் குழுவிடம் கேட்ட இரண்டு தமிழ்க் கலைச்சொற்களும் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ஒரு சொல்லை ஒலிக்கும்போது பிரியும் ஒலித்துண்டான சில்லபிளுக்கு ‘அசை’, பொருள் தரும் மிகச் சிறிய சொற்கூறான மார்பீமுக்கு ‘உருபன்’ என்று பெரும்பாலோர் முடிவு கட்டிவிட்டீர்கள். இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை.

அவர் தந்த எடுத்துக்காட்டையே பார்ப்போம். கணவாய் என்னும் கடலுயிர் சேர்ந்த இனத்துக்கு ஆங்கிலத்தில் செபலோபாட் என்று பெயர். ஆங்கில ஒலிப்பில் அது செ-ப-லோ-பாட் என நான்காகப் பிரியும். யாப்பில், அதாவது செய்யுள் இலக்கணத்தில், அசை பிரிக்கக் கற்ற நம் பிள்ளையோ அடுத்தடுத்த இரண்டு குறில்களைச் சேர்த்துச் செப-லோ-பாட், அதாவது நிரை நேர் நேர் என மூன்றாகவே பிரிப்பாள். ‘கடல்’ யாப்பில் ஒரே நிரையசை. சில்லபிள் கணக்கில் இரண்டு. ஒரே சொல்லுக்கு இரண்டு கணக்கு இருக்கும்போது தமிழ் வகுப்பில் கற்றதே பிழையோ என்று அவள் மயங்குவாள். ஆகவே சில்லபிளை ‘ஒலியசை’ என்று வேறுபடுத்துவோம்.

நம் குழுவின் கீழக்கரை ஐயா, தொல்காப்பியத்தின் ‘அசைநிலை’ பொருளற்ற இடைச்சொல்லைக் குறிப்பதால் பொருளற்ற ஒலித்துண்டுக்கு ‘அசை’ இயல்பாகவே பொருந்தும் என்கிறார். அழகான வாதம்தான், ஆயினும் அவர் அங்கிருந்து அசைபோடும் மாடு வரை வேர் தேடிப் போனது இந்த நூலுக்கு உதவாது.

மார்பீம் பற்றியே நான் அதிகம் கவலைப்படுகிறேன். தலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் காலைக் குறிக்கும் சொல்லும் சேர்ந்தே செபலோபாட் ஆயிற்று. நாமும் தலைக்காலி என்கிறோம். இடையில் நிற்கும் ஓகாரம் ‘மரத்தை’ என்பதில் வரும் அத்துச் சாரியையைப்போல இணைக்க வந்தது. ‘லோ’ என்ற துண்டில் லகரம் தலைக்கு உரியது, ஓகாரம் இணைப்புக்கு உரியது. ஒலியின் எல்லையும் பொருளின் எல்லையும் வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. பகுதி, விகுதி, சாரியை என நன்னூல் தந்த பகுபத உறுப்புகளை அறிந்த மாணவருக்கு, மார்பீமுக்கு நான் முன்மொழியும் ‘சொல்லுறுப்பு’ உடனே விளங்கும். ‘உருபன்’ என்றாலோ வேற்றுமை உருபுதான் நினைவுக்கு வரும்.

பல்கலைக்கழக மொழியியல் நூல்களில் ‘உருபன்’ நிலைத்துவிட்டது என்ற நம் குழுவின் தொண்டி அம்மாவின் மறுப்பை மதிக்கிறேன். ஆனால் இந்நூல் எட்டாம் வகுப்புக்கு உரியது. பெரும்பான்மை முடிவே அச்சேறுவதானாலும், ‘கடல்’ எடுத்துக்காட்டை அடிக்குறிப்பிலாவது சேர்க்குமாறு ஆசிரியையை வேண்டுகிறேன்.