சாம்பாரில் கலக்கும் மாத்திரை: குடிப்பவருக்குத் தெரியாமல் மருந்து கொடுக்கலாமா?

கரிசல்காட்டாள்:
என் தங்கையின் கணவர் சுமை தூக்கும் வேலை பார்க்கிறார். கூலியில் பாதி டாஸ்மாக்கில் இறங்கிவிடும், மீதிப் பாதிக்கு வீட்டில் சண்டை நடக்கும். மகளிர் குழுவில் பிள்ளையின் படிப்புக்காக வாங்கிய கடனும் அவர் கைக்குப் போன பிறகு, தெரிந்த மருந்துக்கடைக்காரர் ஒருவர் கொடுத்த வெள்ளை மாத்திரையைத் தங்கை பொடித்துச் சாம்பாரில் கலந்து கொடுக்கத் தொடங்கினாள். குடித்த அன்று முகம் சிவந்து வாந்தியெடுத்தவர், அதன்பின் சில நாள் கடைப்பக்கமே போகவில்லை. இது தெரிந்த அவருடைய அக்காள், "என் தம்பிக்கு விஷம் வைக்கிறாயா?" என்று தெருவில் நின்று கத்திவிட்டுப் போனார். என் கேள்வி ஒன்றுதான். அவருடைய சம்மதத்தைக் கேட்டுத்தான் மருந்து கொடுக்க வேண்டும் என்கிறவர்கள், அவர் குடிப்பதற்கு முன் ஒரு நாளாவது அவளிடம் சம்மதம் கேட்டாரா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இரவுப்பணிச் செவிலி:
உங்கள் தங்கையின் நிலையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் அது குடியை நிறுத்தும் சிகிச்சையில் தரும் டைசல்ஃபிரமாகத்தான் இருக்க வேண்டும். அந்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மது உடலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருளாக மாறும். அதை மேலும் உடைத்து அகற்றும் நொதியை இந்த மருந்து முடக்கிவிடுவதால் நச்சு உடம்பிலேயே தேங்குகிறது. முகம் சிவப்பதும் வாந்தியும் தொடக்கம் மட்டுமே. இதயத் துடிப்பு தறிகெட்டு, இரத்த அழுத்தம் சரிந்து, இதயநோய் உள்ளவருக்கு உயிரே போகலாம். கடைசி மாத்திரைக்குப் பிறகும் 14 நாள்வரை இந்த விளைவு வரக்கூடும். போதையில் இருப்பவருக்கோ, முழுமையாகத் தெரிவிக்கப்படாதவருக்கோ இதை ஒருபோதும் கொடுக்கக்கூடாது என்று அமெரிக்காவில் இந்த மருந்தின் குறிப்பேட்டிலேயே எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கிறது.

அவசரப் பிரிவில் ஓர் இரவு இப்படி ஒருவரைக் கொண்டுவந்தார்கள். மாரடைப்போ, கள்ளச்சாராயமோ என்று நாங்கள் அலைபாய்ந்துகொண்டிருந்தபோது, என்ன சாப்பிட்டார் என்ற கேள்விக்கு மனைவி வாயே திறக்கவில்லை. மாத்திரை அட்டை அந்த அம்மாவின் முந்தானையில் முடிந்து கிடந்தது. போலீஸ் வருமோ என்ற பயம் அவருக்கு. ஒளித்துக் கொடுத்ததை ஆபத்து வரும்போதும் ஒளிக்கத்தான் தோன்றும். அந்தத் தாமதத்தை எந்த மருத்துவராலும் ஈடுகட்ட முடியாது.

பழைய குவார்ட்டர்:
குடியை விட்டவன் என்ற முறையில் எழுதுகிறேன். எனக்கும் இப்படிக் கலந்து கொடுத்தார்கள். குடித்தால் நெஞ்சு படபடக்கிறது என்று தெரிந்ததும் நான் குடியை நிறுத்தவில்லை, வீட்டுச் சாப்பாட்டைத்தான் நிறுத்தினேன். பரோட்டா கடையில் தின்றுவிட்டு, காபிக்குக்கூட என் மனைவியை முதலில் ஒரு வாய் குடிக்கச் சொல்லிவிட்டுக் குடித்தேன். சம்பளம் போய், மானம் போய், மிச்சமிருந்தது அவள் கையால் போடும் சோறு ஒன்றுதான். அதன்மேலும் சந்தேகம் விழுந்த பிறகு, குடிப்பதற்கு எனக்கு இன்னொரு நியாயம் கிடைத்தது. பேருந்து நிலையச் சுவர்களில் "குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்" என்று பொடி விற்கிறவர்களுக்கு இது தெரியாதா? அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்பதை உறையிலும் எழுதுவதில்லை.

கரிசல்காட்டாள்:
ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் நீங்கள் பரோட்டா கடைக்குப் போன நாட்களில் உங்கள் வீட்டில் உலை கொதித்ததா என்பதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. முழுமையாகத் தெரிவித்துத்தான் கொடுக்க வேண்டும் என்று செவிலியம்மா சொல்வது, "நான் என்ன குடிகாரனா?" என்று தட்டைத் தூக்கி எறிகிற மனிதரிடம் எப்படி நடக்கும்? எங்கள் பக்கத்து ஊரில் ஒரு மறுவாழ்வு இல்லம் இருக்கிறது. முன்பணம் கட்டினால் ராத்திரியில் வேன் வரும்; நான்கு பேர் இறங்கிக் கைகாலைக் கட்டித் தூக்கிப் போவார்கள். திரும்பி வந்தவர், கையெழுத்துப் போட்டு அனுப்பிய தன் தாயை அரிவாளோடு தேடினார். கயிற்றைவிட மாத்திரை மேல் என்று என் தங்கை நினைத்ததில் எனக்கு ஒரு குற்றமும் தெரியவில்லை.

இரவுப்பணிச் செவிலி:
கயிறு, மாத்திரை இரண்டுமே வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவால் வரும் மனநலக் கேடுகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கும் நிலையில் ஒருவர் இருந்தால், அவருடைய நியமனப் பிரதிநிதி, அதாவது சிகிச்சை விஷயத்தில் அவர் சார்பில் செயல்படுபவர், விண்ணப்பிக்க, மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியே பரிசோதித்த பின்னர், 89ஆம் பிரிவின்படி 30 நாள்வரை அனுமதித்து வைக்கலாம். வேனில் அள்ளிப்போவது இந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை.

இன்னொன்று, அவர் தினமும் காலையில் கை நடுங்கி, நடுக்கம் அடங்கவே குடிக்கிறவராக இருந்தால், திடீரென்று நிறுத்துவதே ஆபத்து. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதற்கடுத்த நாட்களில் இல்லாத பூச்சிகளைக் கண்டு உளறும் கடுமையான நிலையும் வரலாம். சாம்பார் மாத்திரைக்குப் பயந்து ஒருவர் வீட்டிலேயே குடியை நிறுத்தினால், "திருந்திவிட்டார்" என்று குடும்பம் மகிழும் அதே நாட்களில் இது நடக்கும். மருத்துவமனையில் நடுக்கத்துக்கு மருந்தும், ஊசிவழி தயமின் உயிர்ச்சத்தும் கொடுத்துத்தான் இந்த நாட்களைக் கடத்துவோம்.

பழைய குவார்ட்டர்:
செவிலியம்மா சொல்லாமல் விட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அதே டைசல்ஃபிரம்தான் பிறகு எனக்கும் உதவியது. மருத்துவர் ஈசிஜியும் கல்லீரல் சோதனையும் எடுத்து, குடித்தால் என்ன ஆகும் என்பதை என் முகத்துக்கு நேராகச் சொன்னார். தினமும் காலையில் என் மனைவி மாத்திரையைக் கையில் கொடுப்பாள், அவள் பார்க்க நான் விழுங்குவேன். நம்பிக்கையானவர் ஒருவர் கண்ணெதிரே விழுங்கும்போதுதான் இந்த மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று மருத்துவரே விளக்கினார். 1940களில் டென்மார்க்கில் இதைக் குடற்புழு மருந்தாகச் சோதித்த ஆய்வாளர்கள், தாங்களே விழுங்கிப் பார்த்த பின் மது அருந்தி உடம்பு கெட்டபோதுதான் இதன் குணம் தெரிந்ததாம். அவர்களுக்காவது வயிற்றுக்குள் போனது என்னவென்று தெரிந்திருந்தது.

ஆனால் சம்மதம் தானாக வரும்வரை காத்திருக்கச் சொல்பவன் நானில்லை. எனக்காக மேஸ்திரியிடம் "அவருக்குக் காய்ச்சல்" என்று போனில் பொய் சொல்வதை என் மனைவி நிறுத்தினாள். கடன்காரர் வந்தால் என்னையே எழுப்பி வாசலில் நிறுத்தினாள். தெளிந்திருக்கும் காலைப்பொழுதில் மட்டும் பேசினாள். போதையில் கேட்ட எதற்கும் பதில் சொல்லவில்லை. நான் மருத்துவமனைக்கு ஒப்புக்கொண்டது அப்படித்தான்.

கரிசல்காட்டாள்:
மேஸ்திரி கூலியை நிறுத்தினால் பட்டினி கிடப்பது பிள்ளைகள். இந்த அறிவுரை வருமானம் உள்ள மனைவிக்குத்தான் பொருந்தும்.

இரவுப்பணிச் செவிலி:
அது உண்மை. அதனால்தான் முதலில் குழுக்கடனையும் ரேஷன் அட்டையையும் அவர் கைக்கு எட்டாமல் வைக்கச் சொல்கிறோம். அடி விழும் வீடென்றால் பொய்யை நிறுத்தும் முன் தங்கப்போகும் இடத்தை முடிவு செய்யச் சொல்கிறோம். அவர் வராவிட்டாலும் உங்கள் தங்கை மட்டும் மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். நேரில் போக முடியாவிட்டால் 14416 என்ற அரசின் மனநலத் தொலைபேசி உதவி எண்ணில் (டெலிமானஸ்) தமிழிலேயே பேசலாம். குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்று 1951இல் அமெரிக்காவில் தொடங்கிய அல்-அனான் குழுக்கள் தமிழ்நாட்டிலும் கூடுகின்றன, கட்டணம் கிடையாது.

கரிசல்காட்டாள்:
திங்கட்கிழமை அந்த மாத்திரை அட்டையோடு தங்கையை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறேன். அவருக்கு ஏற்கெனவே நெஞ்சுவலி வந்திருப்பதால், அதுவரை கலக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். மாத்திரையைப் பற்றி நீங்கள் இருவரும் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அவள் செய்தது விஷம் வைப்பதற்குச் சமம் என்று அவருடைய அக்காள் நாளைக்கும் தெருவில் நின்று சொன்னால், நான் அவள் பக்கம்தான் நிற்பேன். குழுக்கடன் தவணைக்குப் பணம் கேட்டு அவள் அதே வாசலில் நின்றபோது அந்த அக்காள் கதவைத் திறக்கவில்லை.