பஹ்ரைன் ஜிம்னேசியாட்: அழைப்பு அறையில் கண்ட மாணவ வீரர்கள்

2024 அக்டோபர் 23 முதல் 31 வரை பஹ்ரைனில் நடைபெற்ற பள்ளி மாணவர்களுக்கான உலக விளையாட்டுப் போட்டியான ஜிம்னேசியாடில், போட்டிக்கு முன் வீரர்களைச் சரிபார்த்து அனுப்பும் தடகளப் பிரிவின் அழைப்பு அறையில் தன்னார்வலராகப் பணிபுரியும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பதக்கம் வென்றவர்களைப் பற்றிச் செய்திகளில் நிறையவே வந்துவிட்டது. ஓட்டத்துக்கு முந்தைய நிமிடங்களில் அந்தப் பிள்ளைகள் எப்படி இருந்தார்கள் என்பதை அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில், நான் அதை மட்டும் எழுதுகிறேன்.

சர்வதேசப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு 1972-இல் தொடங்கப்பட்டது. அது நடத்தும் ஜிம்னேசியாடின் முதல் போட்டி 1974-இல் ஜெர்மனியின் வீஸ்பாடன் நகரில் நடந்தது. நீண்ட காலம் தடகளம், நீச்சல், ஜிம்னாஸ்டிக்ஸ் ஆகியவற்றையே மையமாகக் கொண்டிருந்த போட்டி, பஹ்ரைனில் 26 விளையாட்டுகளாக விரிந்திருந்தது. 70-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து 5,000-க்கும் அதிகமானோர் வந்திருந்தார்கள். எவ்வளவு திறமை இருந்தாலும், பள்ளியில் படிக்கும் மாணவராக இல்லாதவர் இதில் கலந்துகொள்ள முடியாது.

தடகளத்தில் எந்த வீரரும் நேராக ஓடுதளத்துக்குப் போய்விட முடியாது. குறித்த நேரத்தில் அழைப்பு அறைக்கு வந்து, பெயரையும் மார்பெண்ணையும் சரிபார்த்துக்கொண்டு, கைப்பேசியையும் காதொலிப்பானையும் ஒப்படைத்துவிட்டு, காலணியின் அடிப்புறத்தைத் திருப்பிக் காட்டிய பிறகே வரிசையாக அழைத்துச் செல்லப்படுவார்கள். செயற்கை ஓடுதளத்தில், பிடிப்புக்காகக் காலணியின் அடியில் திருகிப் பொருத்தும் ஆணி 9 மில்லிமீட்டருக்கு மேல் நீண்டிருக்கக் கூடாது; உயரம் தாண்டுதலுக்கும் ஈட்டி எறிதலுக்கும் மட்டும் 12 மில்லிமீட்டர் வரை அனுமதி உண்டு. இதை அளந்து பார்ப்பது பெரும்பாலும் ஒரு சடங்கைப் போல முடிந்துவிடும்.

ஆனால் பெண்களுக்கான ஒரு தகுதிச் சுற்றின்போது, ஒரு மாணவியின் இரண்டு காலணிகளிலும் ஆணிகள் அளவுக்கு மேல் நீண்டிருந்தன. அவளுக்கு ஆங்கிலம் தெரியவில்லை. அவளுடைய மொழி எங்களில் யாருக்கும் தெரியவில்லை. நடுவர் அளவுகோலைக் காட்டித் தலையை அசைத்ததுமே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது, கண்கள் நிறைந்துவிட்டன. அடுத்த நாற்காலியில் இருந்த வேறு நாட்டு மாணவி, அதே சுற்றில் அவளோடு ஓடவிருந்தவள், யாரும் கேட்காமலேயே தன் பையிலிருந்து ஆணி கழற்றும் சாவியையும் குட்டை ஆணிகள் நிறைந்த ஒரு சிறிய டப்பாவையும் எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒருத்தி காலணியை இறுகப் பிடித்துக்கொள்ள, மற்றவள் சாவியைத் திருகினாள். துருப்பிடித்திருந்த ஓர் ஆணி மட்டும் கடைசிவரை அசையவில்லை. நடுவரே குனிந்து உட்கார்ந்து, துண்டைச் சுற்றிப் பிடித்து அதைக் கழற்றினார். வரிசை கிளம்பும்போது இருவருக்கும் உடலைத் தளர்த்திக்கொள்ளக்கூட நேரம் மிஞ்சவில்லை. மாலையில் முடிவுப் பட்டியலைத் தேடிப் பார்த்தேன்; இருவருமே இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெறவில்லை.

பெரியவர்களின் போட்டிகளிலும் நான் உதவியாளராக இருந்திருக்கிறேன். அங்கே அழைப்பு அறை என்பது ஒருவரையொருவர் பார்க்காமல் இருப்பதற்காகவே கட்டியதுபோல இருக்கும். இங்கே 16 முதல் 18 வயதுக்குள் இருந்தவர்கள், பதற்றத்தை மறைக்கத் தெரியாத காரணத்தாலேயே ஒருவரோடு ஒருவர் எளிதில் ஒட்டிக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. கைப்பேசிகள் பையில் அடைபட்டுக் கிடந்ததால், இன்ஸ்டாகிராம் முகவரியை முன்கையில் எழுதிக்கொள்வதற்காக என்னிடம் பேனா கேட்டு வந்தவர்கள் பலர். மார்பெண் தாளின் பின்புறத்தில் எழுதிக்கொண்டவர்களும் உண்டு. ஓடி முடிக்கும்போது வியர்வையில் பாதி அழிந்திருக்குமே என்று ஒரு பையனிடம் சொன்னேன். அதற்காகத்தான் இரண்டு கைகளிலும் எழுதியிருக்கிறேன் என்று அவன் காட்டினான்.

பயிற்சியாளர்களின் கதை வேறு. அழைப்பு அறைக்குள் அவர்களுக்கு அனுமதி இல்லை என்பதால், தடுப்புக்கு வெளியே நின்றபடி கடைசி நொடிவரை கை அசைத்தும் குரல் கொடுத்தும் அறிவுரை சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பிள்ளைகள் ஒவ்வொன்றுக்கும் பணிவாகத் தலையாட்டினார்கள். எவ்வளவு காதில் ஏறியது என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். சில நாடுகள் விளையாட்டுப் பள்ளிகளில் தங்கி நாள்தோறும் இரண்டு வேளை பயிற்சி பெறும் மாணவர்களை அனுப்புகின்றன. வேறு சில நாடுகளிலிருந்து, மாலையில் ஒரு மணி நேரம் ஓடுவதற்கே பள்ளியில் அனுமதி பெற வேண்டிய பிள்ளைகள் வருகிறார்கள். இருவரும் மாணவர்கள்தான், விதிப்படி இருவரும் தகுதியுள்ளவர்கள்தான். ஆயினும் ஒரே தகுதிச் சுற்றில் அவர்களை அருகருகே உட்கார வைத்துப் பார்க்கும்போது, பதக்கப் பட்டியலை வைத்து ஒரு நாட்டின் பள்ளி விளையாட்டை எடைபோடுவது எவ்வளவு தவறானது என்று புரிகிறது. பஹ்ரைனில் நான் பேசிய ஒரு நீளம் தாண்டுதல் வீரன், ஊர் திரும்பியதும் எழுத வேண்டிய வேதியியல் தேர்வுக்காகக் குறிப்பேட்டைப் பயிற்சித் திடலுக்கே எடுத்துவந்திருந்தான்.

வருங்காலப் போட்டிகளில் தன்னார்வலராகச் சேர விரும்புவோர், வாய்ப்பிருந்தால் அழைப்பு அறைப் பணியைக் கேட்டுப் பெறுங்கள். அங்கிருந்து ஓட்டம் எதையும் பார்க்க முடியாது, துப்பாக்கிச் சத்தமும் ஒலிபெருக்கி அறிவிப்பும் மட்டுமே கேட்கும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். கையோடு ஊக்குகள், சிறு கத்தரிக்கோல், ஆணி கழற்றும் சாவி ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள்; பேனாக்களையும் தாராளமாகவே கொண்டுபோங்கள், ஏனென்றால் கொடுத்தவற்றில் பாதி திரும்பி வராது.