புதுப்பிப்பு: பெரியப்பாவின் குரல்வளைப் புற்றுநோய்

பெரியப்பாவுக்குக் குரல்வளையில் மூன்றாம் நிலைக் கட்டி, குரல்வளையையே முழுசாக எடுத்துவிடுவதா, கீமோவும் கதிர்வீச்சுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். எடுக்கவில்லை. கதிர்வீச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.

"எடுக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்தில்லையா?" என்று நிறைய பேர் கேட்டீர்கள். டாக்டர் 1991-ல் வெளியான அமெரிக்க ஆய்வைச் சொன்னார். முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைகளில் 332 நோயாளிகள். அறுவை சிகிச்சைத் தரப்பு, முதலில் கீமோ கொடுத்துப் பிறகு கதிர்வீச்சு கொடுத்த தரப்பு, இரண்டிலுமே இரண்டு வருடம் கழித்து உயிரோடிருந்தவர்கள் 68 சதவீதம். கீமோ தரப்பில் 64 சதவீதம் பேருக்குக் குரல்வளையும் தப்பியது. 2003-ல் வந்த அடுத்த ஆய்வில், சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தைக் கதிர்வீச்சோடு சேர்த்தே கொடுத்தபோது இரண்டு வருடத்தில் 88 சதவீதம் பேருக்குக் குரல்வளை மிஞ்சியிருந்தது. அந்த வழிதான் எங்களுக்கும். ஆனால் கட்டி குருத்தெலும்பைத் துளைத்து வெளியே போயிருந்தால் அறுவைதான் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

ஆரம்பிக்கும் முன் காது கேட்கும் திறனைச் சோதித்தார்கள். தொண்டைக்கு வைத்தியம், காதுக்கு எதற்கு என்று பெரியப்பா முணுமுணுத்தார். சிஸ்பிளாட்டின் உள்காதைப் பாதிக்குமாம்.

கதிர்வீச்சின்போது தலை அசையாமலிருக்க முகமூடி செய்ததுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. வலை மாதிரி பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் இளக்கி, முகத்திலிருந்து தோள்வரை அழுத்தி அச்செடுத்தார்கள். தினமும் அதைப் போட்டுப் படுக்கையோடு பூட்டுகிறார்கள்.

இப்போது சாப்பாடு இறங்கவில்லை, கஞ்சிதான். விழுங்கும் பயிற்சியை விடாமல் செய்ய வைத்த அனுபவம் யாருக்காவது இருந்தால் சொல்லுங்கள்.