டிடிஆர்4 ரேம் பி650 மதர்போர்டில் நுழையவில்லை: முதல் கேமிங் கணினிக்கான பாகங்களைச் சரிபார்த்துத் தர முடியுமா?

கேட்டவர் (கோத்தகிரி)

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கு அருகில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் எடைப் பிரிவில் வேலை செய்கிறேன். இரண்டு ஆண்டுகளாகச் சேர்த்த பணத்தில், நான் விளையாடுவதற்கும் தங்கையின் கல்லூரிப் படிப்புக்கும் பயன்படும்படி ஒரு கணினியை நானே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டுவது என்று முடிவு செய்தேன். இதற்கு முன் ஒரு கேபினெட்டின் பக்கக் கதவைக்கூட நான் திறந்ததில்லை.

சென்ற சனிக்கிழமை கோவைக்குப் போய் ரைசன் 5 7600 பிராசசரும் பி650 மைக்ரோ ஏடிஎக்ஸ் மதர்போர்டும் ஒரு கேபினெட்டும் வாங்கி வந்தேன். கேபினெட்டுடன் '450 வாட்' என்று எழுதிய எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி) ஒன்றை இலவசமாகக் கொடுத்தார்கள். ரேம் வாங்கவில்லை, நண்பர் தம் பழைய கணினியிலிருந்து கழற்றிக் கொடுத்த இரண்டு 8 ஜிபி டிடிஆர்4 ரேம்கள் இருந்தன. நேற்றிரவு அவற்றைப் பொருத்த முயன்றபோது ஒரு முனை உள்ளே இறங்கியது, மறுமுனை தூக்கிக்கொண்டே நின்றது. கூடுதலாக அழுத்தியதும் மதர்போர்டு வளைவதைக் கண்டு பயந்து நிறுத்திவிட்டேன்.

இவற்றைத் தவிர, பழைய மடிக்கணினியிலிருந்து எடுத்த 256 ஜிபி எம்.2 எஸ்எஸ்டி ஒன்றும், பிராசசரைக் குளிர்விக்க 159 மில்லிமீட்டர் உயரமுள்ள டவர் கூலர் ஒன்றும் கையில் உள்ளன. கூலரின் உறையை இன்னும் பிரிக்கவில்லை. ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு இனிமேல்தான் வாங்க வேண்டும். மானிட்டர் 1920 × 1080, 75 ஹெர்ட்ஸ். ரேமை இன்னும் பலமாக அழுத்தலாமா? மற்றவற்றிலும் தவறு செய்திருக்கிறேனா? அடுத்த முறை கோவைக்கு இறங்குவதற்குள் எல்லாவற்றையும் தெளிவாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

மறுமொழி (குன்னூர், கணினி பழுது பார்ப்பவர்)

தம்பி, அழுத்துவதை நிறுத்தியது மிகச் சரி. அந்த ரேம் அந்த ஸ்லாட்டில் எந்நாளும் நுழையாது. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் 288 தொடுமுனைகளே இருப்பதால் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும்; ஆனால் அடிப்பகுதியில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். முன்னது 1.2 வோல்ட்டிலும் பின்னது 1.1 வோல்ட்டிலும் இயங்குபவை. ஒன்றை மற்றொன்றில் யாரும் பொருத்திவிடக் கூடாது என்பதற்காகவே வெட்டை நகர்த்தி வைத்திருக்கிறார்கள். உங்கள் பிராசசருக்கு உரிய ஏஎம்5 சாக்கெட் (மதர்போர்டில் பிராசசர் அமரும் இடம்) 2022 இல் வந்தது முதல் டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கிறது. இன்டெலின் 12, 13, 14 ஆம் தலைமுறை பிராசசர்களுக்கு இரண்டு வகை ரேமுக்கும் தனித்தனியாக மதர்போர்டுகள் கிடைப்பதால் இந்தக் குழப்பம் புதியவர்களுக்கு மட்டும் வருவதன்று. என்னிடம் வரும் அனுபவசாலிகளும் தவறான ரேமோடு வந்திருக்கிறார்கள்.

ரேமை மட்டும் மாற்றுங்கள். ஒரே உறையில் இரண்டாக வரும் 16 ஜிபி டிடிஆர்5, 6000 வேகம், எக்ஸ்போ (உங்கள் பிராசசரின் தயாரிப்பாளரான ஏஎம்டியின், ரேமை அதில் எழுதிய வேகத்தில் ஓட்டும் வசதி) என்று குறிப்பிட்டது வாங்கினால் போதும். மதர்போர்டில் நான்கு ஸ்லாட் இருந்தால் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் பொருத்துங்கள். பிற்காலத்தில் இன்னும் இரண்டைச் சேர்த்து நான்காக்கலாம் என்று எண்ண வேண்டாம். இந்தப் பிராசசருக்கு ஏஎம்டி உறுதியளிக்கும் வேகம் இரண்டு ரேம் இருந்தால் 5200, நான்கு இருந்தால் 3600 தான்.

நுழையாத பொருள் தானாகவே எச்சரித்துவிடுகிறது. எளிதாக நுழைந்த பிறகு இயங்காமல் நிற்பவையும் அருகில் இருப்பதைக் கெடுப்பவையுமே எனக்குக் கவலை தருகின்றன. உங்கள் பட்டியலில் அப்படி இரண்டு இருக்கின்றன.

முதலாவது அந்த எஸ்எஸ்டி. அதன் தொடுமுனை வரிசையில் எத்தனை வெட்டுகள் உள்ளன என்று பாருங்கள். இரண்டு வெட்டு இருந்தால் அது பெரும்பாலும் சாட்டா என்ற பழைய இணைப்பு வகையாகத்தான் இருக்கும். ஒட்டியுள்ள தாளையும் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள். பி650 மதர்போர்டுகளின் எம்.2 ஸ்லாட்டுகள் பெரும்பாலும் என்விஎம்இ என்ற வேகமான புதிய வகையை மட்டுமே ஏற்பவை என்பதால், சாட்டா எஸ்எஸ்டி அழகாக உள்ளே அமர்ந்து, ஸ்க்ரூவும் பூட்டிய பிறகு, கணினியின் கண்ணிலேயே படாமல் கிடக்கும். எஸ்எஸ்டி கெட்டுவிட்டது என்று பலர் எண்ணிக்கொள்வது இப்படித்தான்.

இரண்டாவது, இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ். அதன் பக்கவாட்டில் ஒட்டியுள்ள அட்டவணையில் +12 வோல்ட் என்ற வரிசைக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது, பிராசசருக்கான ஒயரில் எத்தனை பின் இருக்கின்றன, கிராபிக்ஸ் கார்டுக்கான 6+2 பின் ஒயர் இருக்கிறதா என்ற மூன்றையும் பார்த்து எழுதுங்கள். அதுவரை அதை மதர்போர்டில் செருக வேண்டாம்.

கேபினெட் எவ்வளவு உயரமான கூலரை ஏற்கும், எவ்வளவு நீளமான கார்டை ஏற்கும் என்பதும் அதன் பெட்டியில் இருக்கும். அதையும் சேர்த்து எழுதுங்கள்.

மறுமொழி (உதகை)

நண்பரே, கையில் 16 ஜிபி டிடிஆர்4 இருக்கும்போது அதை வீணாக்குவானேன்? பிராசசரையும் மதர்போர்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஏஎம்4 சாக்கெட்டுக்கு மாறி, ரைசன் 5 5600 பிராசசரும் பயன்படுத்திய பி450 மதர்போர்டும் வாங்கினால் ஒரு நல்ல தொகை மிஞ்சும். 1920 × 1080 மானிட்டருக்கு அதுவே தாராளம். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஒரு குறையும் இல்லை.

மறுமொழி (குன்னூர், கணினி பழுது பார்ப்பவர்)

ஒன்றும் வாங்காத நிலையில் கேட்டிருந்தால் நானும் 5600 ஐச் சொல்லியிருப்பேன்; அது மிக நல்ல பிராசசர். ஆனால் இந்தத் தம்பி பிராசசரின் உறையைப் பிரித்துவிட்டார், கடை அதை முழு விலைக்குத் திரும்ப எடுப்பது அரிது. பி450 போர்டில் இன்னும் இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று, ரைசன் 5000 வரிசைக்கு முன்பே வந்த போர்டு என்பதால் பயாஸ் (போர்டைத் தொடக்கி இயக்கும் மென்பொருள்) புதுப்பிக்கப்படாமல் இருந்தால் 5600 ஐ அடையாளம் காணாது. புதுப்பிக்கப் பழைய பிராசசர் ஒன்றை இரவல் வாங்கியோ, பிராசசர் இல்லாமலே அதைப் புதுப்பிக்கும் பயாஸ் ஃபிளாஷ்பேக் வசதி உள்ள போர்டாகத் தேடியோ அலைய வேண்டும். மற்றொன்று, ஆர்டிஎக்ஸ் 4060 தரவு போக எட்டுத் தடங்களை மட்டுமே பயன்படுத்தும் கார்டு. பிசிஐஇ 4.0 (கார்டும் போர்டும் தரவு பரிமாறும் வழியின் நான்காம் தலைமுறை) உள்ள பி650 போர்டில் அது போதுமானது, பிசிஐஇ 3.0 மட்டுமே உள்ள பி450 போர்டில் அதே எட்டுத் தடங்கள் பாதி அளவைத்தான் கடத்தும். பல விளையாட்டுகளில் வேறுபாடு சிறிதாகவே இருக்கும். கார்டின் 8 ஜிபி நினைவகம் நிரம்பி வழியும் விளையாட்டுகளில்தான் தெரியும். புதிதாகக் கார்டு வாங்கி அதைக் குறுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

கேட்டவர் (கோத்தகிரி)

மிக்க நன்றி, அண்ணா. நீங்கள் கேட்டவற்றைப் பார்த்துவிட்டேன். எஸ்எஸ்டியில் இரண்டு வெட்டுகள் உள்ளன, தாளிலும் சாட்டா என்றே அச்சிட்டிருக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸில் +12 வோல்ட்டுக்கு நேராக 16 ஆம்பியர் என்று இருக்கிறது. பிராசசர் ஒயரில் நான்கு பின்தான், மதர்போர்டிலோ எட்டுத் துளைகள் உள்ளன. 6+2 ஒயர் இல்லை, அதற்குப் பதிலாக ஒரு மாற்று ஒயர் வாங்கிக்கொள்ளலாம் என்று கடையில் சொன்னார்கள். கேபினெட் ஏற்கும் கூலர் உயரம் 155 மில்லிமீட்டர், கார்டு நீளம் 320 மில்லிமீட்டர்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். எங்கள் ஊரில் மாலை நேரத்தில் மின்னழுத்தம் இறங்கும். ஐப்பசி மழையில் மரம் சாய்ந்தால் மின்சாரம் வரப் பல மணி நேரம் ஆகும். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. அதுவே போதுமா, அல்லது ஸ்டெபிலைசரோ யூபிஎஸ்ஸோ வாங்க வேண்டுமா?

மறுமொழி (குன்னூர், கணினி பழுது பார்ப்பவர்)

12 வோல்ட்டை 16 ஆம்பியரால் பெருக்கினால் 192 வாட். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் தங்கள் மின்சாரத்தை இந்த 12 வோல்ட் வழியில்தான் எடுக்கின்றன. ரைசன் 5 7600 உச்சத்தில் 88 வாட்டும், ஆர்டிஎக்ஸ் 4060 ஏறக்குறைய 115 வாட்டும் எடுக்கும். விசிறிகளையும் மதர்போர்டையும் சேர்க்கும் முன்பே 203 வாட் ஆகிவிட்டது. வெளியே 450 என்று எழுதியிருப்பதில் பெரும்பகுதி இன்றைய கணினிக்கு அதிகம் தேவைப்படாத 3.3, 5 வோல்ட் வழிகளின் கணக்கு. மாற்று ஒயர் போட்டால் கார்டு ஒளிரும், விசிறி சுழலும். விளையாட்டு சூடுபிடிக்கும் நேரத்தில் அணையும், அல்லது அந்த ஒயரின் பிளாஸ்டிக் உருகும். உருகிய ஒயர்களை என் மேசையில் நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அந்த வழியில் போக வேண்டாம்.

4060 க்குத் தயாரிப்பாளரே சொல்வது 550 வாட். 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை உள்ளதும், எட்டுப் பின் பிராசசர் ஒயரும் 6+2 பின் ஒயரும் உள்ளதுமான நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை வாங்குங்கள். முத்திரை சொல்வது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தானே தவிர தரத்தை அன்று. ஆகவே உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்பதையும் கேளுங்கள். உள்ளீடு 100–240 வோல்ட் என்று அச்சிட்டதாகப் பார்த்து வாங்கினால் உங்கள் ஊரின் மாலை நேரத் தாழ்வை அதுவே தாங்கிக்கொள்ளும், தனியாக ஸ்டெபிலைசர் தேவைப்படாது. கழற்றி மாட்டும் ஒயர் உள்ள மாடலானால், வேறு எஸ்எம்பிஎஸ்ஸின் ஒயரை அதில் ஒருபோதும் செருகாதீர்கள். செருகும் முனை ஒன்றுபோலவே இருக்கும், உள்ளே பின்களின் வரிசை வேறாக இருக்கும், ஒரு நொடியில் எஸ்எஸ்டியோ மதர்போர்டோ போய்விடும்.

இன்வெர்ட்டர் சைன் அலை வகையாக இருந்தால் பயன்படுத்தலாம். பெரும்பாலானவற்றின் பின்புறம் யூபிஎஸ் என்றும் நார்மல் அல்லது ஈகோ என்றும் ஒரு சுவிட்ச் இருக்கும். அதை யூபிஎஸ் பக்கம் வையுங்கள். மின்சாரம் நின்ற பிறகு ஒரு தரமான எஸ்எம்பிஎஸ் முழுச் சுமையில் ஏறக்குறைய 16 மில்லி விநாடி மட்டுமே தாக்குப்பிடிக்கும், இன்வெர்ட்டர் அதற்குள் மாறிவிட வேண்டும். சதுர அலை இன்வெர்ட்டரானால் அதில் இணைக்காமல் தனியே ஒரு யூபிஎஸ் வாங்குங்கள். 600 விஏ யூபிஎஸ் பொதுவாக 360 வாட் அளவே தருவதால் மானிட்டரையும் சேர்த்தால் இறுக்கமாக இருக்கும், 1000 விஏ நிம்மதி.

மூன்று பின் பிளக்கில் எர்த் உண்மையில் இருக்கிறதா என்று ஓர் எலக்ட்ரீஷியனிடம் சோதித்துக்கொள்ளுங்கள். பழைய எஸ்டேட் வீடுகள் பலவற்றில் துளை மட்டும் இருக்கிறது, ஒயர் இல்லை. கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுருசுருவென்று இழுப்பது அதனால்தான்.

கூலரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 155 இடத்தில் 159 நுழையாது, கண்ணாடிக் கதவை அழுத்தி மூடப் பார்த்தால் கதவு உடையும். 7600 இன் பெட்டியிலேயே ஒரு கூலர் இருக்கிறது, உங்கள் ஊருக்கு அது போதும். அதைப் பூட்டும்போது சாக்கெட்டின் இருபுறமும் உள்ள பிளாஸ்டிக் தாங்கிகளை மட்டும் கழற்றுங்கள். போர்டின் பின்னால் உள்ள உலோகத் தகடு அப்படியே இருக்க வேண்டும்.

மறுமொழி (உதகை, கல்லூரிக் கணினி ஆய்வகப் பணியாளர்)

தம்பி, கூலரைப் பற்றி அவர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு, அதே வேகத்தில் சுழலும் விசிறி அந்த அளவுக்குக் குறைவான வெப்பத்தையே வெளியேற்றும். ஆனால் நம் அறைகள் கோவை அறைகளைவிடப் பத்துப் பதினைந்து டிகிரி குளிர்ந்தே இருப்பதால் அந்த இழப்பு ஈடாகிவிடுகிறது.

பூட்டும் நாளில் ஸ்வெட்டரைக் கழற்றிவிடுங்கள். கம்பளியும் செயற்கை இழையும் உரசி நிலைமின்னூட்டம் சேரும். தை, மாசி மாதத்து வறண்ட குளிரில் அது அதிகம். ரேமைத் தொடும் முன்பு ஒவ்வொரு முறையும் எர்த் உள்ள உலோகத்தைத் தொடுங்கள். சமவெளியிலிருந்து மலைக்குக் கொண்டு வருவதால் பாகங்கள் நனைந்துவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். குளிர்ந்த பொருள் ஈரமான வெப்பக் காற்றில் படும்போதுதான் நீர் துளிர்க்கும், ஆகவே கோவையிலிருந்து வருவதற்கு அந்த அச்சம் வேண்டாம். மூடுபனி உள்ளே வரும் சன்னலோரத்தில் மட்டும் கணினியை வைக்காதீர்கள். மழைக்காலத்தில் நாள்தோறும் சிறிது நேரமாவது இயக்குங்கள்.

கார்டைப் பூட்டிய நிலையில் கேபினெட்டைக் கொண்டைஊசி வளைவுகளில் கொண்டு வர வேண்டாம். அதன் எடை முழுவதும் ஒரு ஸ்லாட்டில் தொங்கும். தனிப் பெட்டியில் கொண்டு வந்து வீட்டில் பூட்டுங்கள்.

கேட்டவர் (கோத்தகிரி)

அண்ணா, அக்கா, இருவருக்கும் வணக்கம். டிடிஆர்5 ரேம், 550 வாட் எஸ்எம்பிஎஸ், 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, கார்டு எல்லாம் வாங்கி வந்து இன்று பூட்டினேன். கூலரைக் கடையில் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். இப்போது பொத்தானை அழுத்தினால் விசிறிகள் சுழல்கின்றன, மதர்போர்டில் ரேமைக் குறிக்கும் 'டிராம்' என்ற இடத்தில் ஒரு விளக்கு எரிகிறது, திரையில் எதுவும் வரவில்லை. அணைத்து அணைத்து மூன்று முறை பார்த்துவிட்டேன். எங்கே தவறு செய்தேன்?

மறுமொழி (குன்னூர், கணினி பழுது பார்ப்பவர்)

அணைப்பதுதான் தவறு. ஏஎம்5 மதர்போர்டு முதல் முறை இயங்கும்போது புதிய ரேமோடு பேசிப் பழகச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஒரு முறை இயக்கிவிட்டுப் பதினைந்து நிமிடம் கை வைக்காமல் காத்திருங்கள். அதன் பிறகும் வராவிட்டால் ஒரு ரேமை மட்டும் இரண்டாவது ஸ்லாட்டில் வைத்துப் பாருங்கள்.

படம் வந்ததும் பயாஸில் எக்ஸ்போவை இயக்குங்கள், இல்லாவிட்டால் ரேம் பெரும்பாலும் 4800 வேகத்திலேயே நிற்கும். மானிட்டர் ஒயரை எங்கே செருகியிருக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். 7600 க்குள்ளேயே சிறிய கிராபிக்ஸ் பகுதி இருப்பதால், ஒயரை மதர்போர்டில் செருகினாலும் படம் வரும். விளையாட்டு மட்டும் தடுமாறும்.

கேட்டவர் (கோத்தகிரி)

ஏழாவது நிமிடத்தில் படம் வந்துவிட்டது, அண்ணா. ஒயர் மதர்போர்டில்தான் இருந்தது; கார்டுக்கு மாற்றிவிட்டேன். எக்ஸ்போவும் இயங்குகிறது, ரேம் 6000 என்று காட்டுகிறது. ஒரு மணி நேரம் கார்ப் பந்தயம் ஓட்டிய பிறகும் பிராசசர் 70 டிகிரியைத் தாண்டவில்லை. நண்பரின் டிடிஆர்4 ரேம்களை நாளை அவரிடம் திருப்பிக் கொடுக்கிறேன். எர்த் பார்ப்பதற்கு எலக்ட்ரீஷியன் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.