ரூம், ஒபிஸ், சுப்பர் மார்க்கெட்: மட்டக்களப்பில வேற என்ன இருக்கு?

வவுனியாவில இருந்து இடமாற்றத்தில வந்தவன். புளியந்தீவில ரூம், வேலையும் அங்கயே. ஞாயிறு வந்தா கல்லடிக் கடற்கரை, அவ்வளவுதான். கோட்டையும் பார்த்தாச்சு. ஊரைத் தெரிஞ்சுகொள்ள எங்க தொடங்குறது?

பதில் 1
பாலமீன்மடு வெளிச்சவீடு. பின்னேரம் போங்க.

பதில் 2
தம்பி, நீங்க பார்த்ததெல்லாம் எழுவான்கரை, வாவிக்குக் கிழக்குப் பக்கம். வாவிக்கு மேற்கால படுவான்கரை கிடக்கு, வயலும் மாடும் தயிருமா. 2014இல மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைக்கு லேசாப் போயிரலாம், ஆனா நான் சொல்றது பாலத்தால இல்ல. கல்முனை பஸ்ஸில ஏறி களுவாஞ்சிகுடிப் பக்கம் இறங்கி, குருமண்வெளித் துறையில பாதை ஏறுங்க, அதான் வாவியைக் கடக்கிற மிதவை. மோட்டார் சைக்கிள், மீன்கூடை, பள்ளிக்கூடப் பிள்ளையள் எல்லாம் ஒண்டா ஏறும். அக்கரை மண்டூர். முருகன் கோயிலில கப்புகர், அதான் பூசகர், வாயைத் துணியால கட்டித்தான் பூசை செய்வார், கதிர்காமம் மாதிரி.

மறுகா, வழி தெரிஞ்சாலும் ஆரிட்டயாவது கேளுங்க. தேத்தண்ணி குடிக்காம விடமாட்டாங்க! கூகுள் மேப்பைப் பார்த்துப் போறவனுக்கு அது கிடைக்காது.

பதில் 3
அண்ணன் சொன்னது சரி. தூரம் போக ஏலாட்டி, பூரணை இரவில 1924இல கட்டின பழைய கல்லடிப் பாலத்தடிக்குப் போங்க. தோணிக்காரர் துடுப்பைத் தண்ணிக்குள்ள விட்டு, மற்றத் தலைப்பைக் காதில வச்சுத்தான் மீன்பாட்டுக் கேக்கிறது, வாவி மீன் பாடுது எண்டு சொல்ற சத்தம் அது. எனக்கு இன்னும் கேக்கல்ல.

கேட்டவர்
பாதை ஞாயிறும் ஓடுமா?

பதில் 2
துறைக்குப் போய்க் கேளுங்க தம்பி, அதுவும் சேர்ந்ததுதான்.