புதுப்பிப்பு: தறிகெட்டுச் சுற்றிய பழைய வாஷிங் மெஷின் சரியாகிவிட்டது

எண்பதுகளின் ஃப்ரண்ட் லோடர், துவைக்கும் கட்டத்திலேயே டிரம் முழு வேகமெடுத்துச் சட்டென நின்றுவிடுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். பலர் டிரையாக்கை, அதாவது மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் பாகத்தை, சந்தேகப்பட்டீர்கள். டிரையாக் ஷார்ட் ஆகியிருந்தால் மோட்டார் பெரும்பாலும் நிற்காமல் ஓடும். இது நின்றதே, அதனால் டாக்கோ பக்கம் போனேன்; மோட்டாரின் வேகத்தைக் காயிலும் காந்தமும் வைத்து அளக்கும் சென்சார் அது.

டாக்கோ காயிலின் ஓம்ஸ் (மின்தடை) நன்றாகவே காட்டியது. ஆனால் பிளக்கைக் கழற்றிவிட்டு, மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து மோட்டாரைக் கையால் சுழற்றினால் முள் அசையவே இல்லை. மோட்டார் ஷாஃப்ட்டின் பின்முனையில் இருக்கும் டாக்கோ காந்தம் கழன்று, ஷாஃப்ட் மட்டும் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது! வேகத் தகவல் வராததால் கண்ட்ரோல் போர்டு மின்சாரத்தைக் கூட்டிக்கொண்டே போய், பிறகு பயந்து நிறுத்திவிடுகிறது. எபாக்ஸி போட்டு ஒட்டியதும் டிரம் பழையபடி நிதானமாகச் சுற்றுகிறது.

போர்டு வெளியே வந்த கையோடு கனெக்டர் பின்களுக்கு மறுபடி சால்டர் வைத்தேன், எலக்ட்ரோலிட்டிக் கபாசிட்டர்களை 105 டிகிரி வெப்பம் தாங்கும் ரகமாக மாற்றினேன். மைக்ரோகண்ட்ரோலரைத் தொடவில்லை. உள்ளே புரோகிராம் எழுதப்பட்ட சிப் அது, போனால் கடையில் கிடைக்காது.

பிழியும்போது வரும் இரைச்சல் மட்டும் பாக்கி. அது பேரிங், அடுத்து அதைப் பிரிக்க வேண்டும்.